வார்ப்பிரும்புச் சட்டி சூட்டைச் சமமாகப் பரப்புமா? ஆல்டன் பிரவுன் சமையல் சொல்லும் கணக்கு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல், பீஃபாஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களை வேண்டுமென்றே சேர்த்துச் செய்த சமையல் பாத்திரங்களை விற்கத் தடை. உணவு ஒட்டாத டெஃப்லான் வகைப் பூச்சு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அப்படியானால் எதில் சமைப்பது என்று கேட்டவர்களுக்கு அந்த நாட்டில் அதிகம் கிடைத்த பதில் வார்ப்பிரும்பு. தாத்தா பாட்டி காலத்துச் சட்டி, நூறு ஆண்டு உழைக்கும், தொலைக்காட்சிச் சமையல்காரர்கள் எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றார்கள்.

வாங்கியவர்களுக்குக் குழப்பம் அதன் பிறகுதான் தொடங்கியது. சோப்பே படக்கூடாது என்கிறார் ஒருவர்; தாராளமாகப் போடுங்கள் என்கிறார் இன்னொருவர். சூட்டைச் சமமாகப் பரப்பும் என்று விளம்பரம் சொல்கிறது. சமைத்தால் நடுவில் கருகுகிறது, ஓரத்தில் வேகவே இல்லை. ஆளி விதை எண்ணெய்தான் சிறந்தது என்று ஒரு குரல், அது உரிந்து வருகிறது என்று மறு குரல்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நல்ல வழி, அமெரிக்கத் தொலைக்காட்சியில் வார்ப்பிரும்பை வெறும் பழம்பெருமையாகக் காட்டாமல் இயற்பியல் பொருளாகக் கையாண்ட ஆல்டன் பிரவுன் எப்படிச் சமைத்தார் என்று பார்ப்பது. அவருடைய செய்முறைகளை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரியும்: அவை இரும்பின் பலத்தை நம்பி மட்டும் எழுதப்பட்டவை அல்ல. அதன் பலவீனத்தைச் சுற்றி எழுதப்பட்டவை.

யார் இந்த ஆல்டன் பிரவுன்

சமையலுக்கு வருமுன் அவர் கேமராக்காரர். விளம்பரப் படங்கள் எடுத்தவர். தொலைக்காட்சியில் வந்த சமையல் நிகழ்ச்சிகள் சலிப்பூட்டுகின்றன, 'எப்படி' என்று சொல்கின்றனவே தவிர 'ஏன்' என்று சொல்வதில்லை என்ற எண்ணத்தில், வெர்மாண்ட் மாநிலத்தில் இருந்த நியூ இங்கிலாந்து சமையற்கலை நிறுவனத்தில் சேர்ந்து 1997இல் படிப்பை முடித்தார். அடுத்த ஆண்டே 'குட் ஈட்ஸ்' நிகழ்ச்சியின் முதல் பகுதி சிகாகோ பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. 1999 முதல் 2012 வரை ஃபுட் நெட்வொர்க்கில் ஓடியது. பொம்மைகள், குறுக்கே வெட்டிய அடுப்பு மாதிரிகள், நடுநடுவே நகைச்சுவை நாடகம் என்று போகும் அந்த நிகழ்ச்சியின் உள்ளே இருந்தது பள்ளிக்கூட அறிவியல்தான்.

அவருடைய அணுகுமுறையை இரண்டு கொள்கைகளில் அடக்கலாம்.

1. சமையல் என்பது உணவுக்குள் சூட்டைக் கொண்டு சேர்க்கும் வேலை. அந்தச் சூடு எந்த வழியில் போகிறது என்று தெரிந்தால் செய்முறை தானாகப் புரியும். உலோகத்தைத் தொட்டுப் போவது ஒரு வழி. எண்ணெய், நீர், காற்று வழியாகப் போவது இன்னொன்று. கதிராகப் பாய்வது மூன்றாவது.

2. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் பயன்படும் கருவிக்குச் சமையலறையில் இடம் இல்லை. இதற்கு அவர் வைத்த பெயர் 'யூனிடாஸ்கர்'. அவர் விதிவிலக்குத் தந்த ஒரே ஒற்றைவேலைக் கருவி தீயணைப்பான்.

வார்ப்பிரும்புச் சட்டி இந்த இரண்டாம் தேர்வில் எளிதாகத் தேறிவிடும். அடுப்பின் மேல் வைக்கலாம், அவன் (oven) எனப்படும் மூடிய சூட்டடுப்புக்குள் தள்ளலாம், கரி நெருப்பில் இறக்கலாம், வறுக்கலாம், பொரிக்கலாம், ரொட்டி சுடலாம், கவிழ்த்து வைத்து அதன் முதுகில் பீட்சா சுடலாம், கனத்தை வைத்து இன்னொன்றை அழுத்தலாம். முதல் தேர்வில்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

முதலில் உலோகம்

இரும்போடு எடையில் 2 முதல் 4 விழுக்காடு வரை கார்பனும், கொஞ்சம் சிலிக்கனும் கலந்தது வார்ப்பிரும்பு. இந்தக் கலப்பால் அது எஃகைவிடப் பல நூறு டிகிரி குறைவான வெப்பத்தில், சுமார் 1,150 முதல் 1,200 டிகிரி செல்சியஸில் உருகும். உருகியபின் நீராக ஓடி மணல் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறையும். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை பெற்றார். இன்றைய சட்டியும் அடிப்படையில் அதே முறையில் பிறந்ததுதான். அதே கார்பன், ஆறும்போது கிராஃபைட் செதில்களாக உள்ளே பிரிந்து நிற்கிறது. அதனால் வார்ப்பிரும்பு வளையாது, நெளியாது. ஆனால் சிமெண்ட் தரையில் விழுந்தால் விரிசல் விடும். எளிதில் உடையக்கூடியது என்பதால் அதை மெல்லியதாக வார்க்க முடியாது. தடிமன் தவிர்க்க முடியாதது. தடிமனால் எடை வருகிறது. கீழே வரும் எல்லா நன்மையும் தொல்லையும் அந்த எடையிலிருந்து கிளம்புபவை.

அமெரிக்காவில் ஸ்கில்லட் என்று சொல்லப்படும், ஒற்றைக் கைப்பிடியுள்ள தட்டையடிச் சட்டியையே இக்கட்டுரையில் 'சட்டி' என்கிறேன். டென்னசி மாநிலத்தின் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 1896இல் ஜோசப் லாட்ஜ் தொடங்கிய வார்ப்புப் பட்டறையிலிருந்து வந்த லாட்ஜ் நிறுவனத்தின் பத்தேகால் அங்குலச் சட்டி அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த அளவு. எடை சுமார் 2.4 கிலோ.

'சமமாகச் சூடேறும்' என்பது ஏன் தவறு

இரண்டு குணங்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால் வரும் தவறு இது.

வெப்பக் கடத்துத்திறன் என்பது, ஓரிடத்தில் விழுந்த சூடு பக்கத்துக்கு எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பதன் அளவு. செம்புக்கு இது சுமார் 400 வாட்/மீட்டர்-கெல்வின். தூய அலுமினியத்துக்குச் சுமார் 237. வார்ப்பிரும்புக்கு 50 சொச்சம். எவர்சில்வருக்கு 15 போல. அதாவது வார்ப்பிரும்பு, எவர்சில்வரை விடத் தேவலாம். அலுமினியத்தின் பக்கத்தில் நிற்க முடியாது.

இதை நேரமாக மாற்றினால் நன்றாகப் புரியும். உலோகத்தில் சூடு பரவும் வேகத்தை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டால், நடுவில் விழுந்த சூடு 10 செ.மீ. தள்ளியுள்ள ஓரத்தை முழுமையாக எட்ட அலுமினியத்தில் சுமார் 2 நிமிடம். வார்ப்பிரும்பில் 10 நிமிடத்துக்கு மேல். சின்ன பர்னர் மேல் பெரிய சட்டியை வைத்து இரண்டு நிமிடத்தில் சமைக்கத் தொடங்குகிறவருக்கு நடுவில் கருகி ஓரத்தில் பச்சையாக இருப்பதில் எந்த மர்மமும் இல்லை. சோதிக்க விரும்பினால் காய்ந்த சட்டியில் மைதாவை மெல்லியதாகத் தூவி அடுப்பைப் பற்றவைத்தால் போதும். பர்னரின் வடிவம் அப்படியே பழுப்பு வளையமாக வரைந்துகொள்ளும்.

இரண்டாவது குணம் வெப்பத்தைப் பிடித்துவைத்தல். இங்கேயும் ஒரு பொதுநம்பிக்கை சறுக்குகிறது. கிராமுக்குக் கிராம் பார்த்தால் அலுமினியம்தான் அதிகச் சூட்டைப் பிடிக்கிறது: ஒரு கிராமை 1 டிகிரி சூடாக்க அதற்கு 0.9 ஜூல் தேவை, இரும்புக்கு 0.45 தான். இரும்பு உலோகத்துக்கு என்று மாயக் குணம் ஏதும் இல்லை. இரும்புச் சட்டி அதிகச் சூட்டைப் பிடித்துவைப்பது அது கனமாக இருப்பதால் மட்டுமே. 2.4 கிலோவில் ஓர் அலுமினியச் சட்டி செய்தால் அது இரும்பைவிட இரு மடங்கு சூடு பிடிக்கும். என்ன, அதன் அடிப்பாகம் இரும்புச் சட்டியைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் தடித்திருக்கும், யாரும் வாங்கமாட்டார்கள்.

மூன்றாவதாகக் கதிர்வீச்சு. கறுத்த, மங்கலான பரப்பு, பளபளக்கும் பரப்பைவிடப் பல மடங்கு அதிகமாக வெப்பக் கதிரை உமிழும். பளபளப்பான எவர்சில்வர் சட்டியில் உலோகத்தைத் தொடும் இடம்தான் வேகும். கறுப்பு இரும்பில், தொடாமல் சற்றே தூக்கி நிற்கும் பகுதிக்கும் சூடு பாய்கிறது. கோழித்துண்டு போன்ற மேடுபள்ளமான பொருள் இரும்பில் நன்றாக நிறம் பிடிப்பதில் இதற்கும் பங்குண்டு.

ஆக, சுருங்கச் சொன்னால்: மெதுவாகச் சூடாகும், திட்டுத்திட்டாகச் சூடாகும், சூடானபின் விடாது, மேல்நோக்கியும் கதிர் வீசும்.

முதல் பகுதியின் மாட்டிறைச்சி: பலவீனத்தை மடக்கிய விதம்

குட் ஈட்ஸின் முதல் பகுதியே வார்ப்பிரும்பில் ரிப்-ஐ எனும் மாட்டிறைச்சித் துண்டைச் சுடுவது பற்றியது. அதில் பிரவுன் சொன்ன வரிசை இது:

1. வெறும் சட்டியை அவனுக்குள் வைத்து, அவனை 500 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 260 செல்சியஸுக்கு ஏற்றவேண்டும்.
2. சட்டியை வெளியே எடுத்து, பெருந்தீயில் 5 நிமிடம் வைக்கவேண்டும்.
3. எண்ணெயைச் சட்டியில் ஊற்றாமல் இறைச்சியின் மேல் பூசி, உப்பு மிளகு தடவி, காய்ந்த சட்டியில் போட்டு 30 விநாடி அசைக்காமல் விடவேண்டும். திருப்பிப் போட்டு இன்னொரு 30 விநாடி.
4. சட்டியோடு அவனுக்குள் 2 நிமிடம். திருப்பி மறுபடி 2 நிமிடம். பிறகு வெளியே எடுத்து ஆறவிடவேண்டும்.

முதல் படியைக் கவனியுங்கள். ஏன் அடுப்பில் வைக்காமல் அவனில் வைக்கச் சொல்கிறார்? அடுப்பு கீழிருந்து ஒரு வளையமாகச் சுடும். அவன் எல்லாப் பக்கத்திலிருந்தும் சுடும். சூடு பக்கவாட்டில் நகர மறுக்கும் உலோகத்துக்கு, நகரவேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிடுகிறார். ஓரமும் நடுவும் கைப்பிடியும் ஒரே வெப்பத்தில் வெளியே வரும். (அந்தக் கைப்பிடியை மறந்து வெறுங்கையால் பிடிப்பதுதான் இந்தச் செய்முறையில் மிகப் பொதுவான விபத்து.)

மூன்றாம் படியில் கனம் வேலைக்கு வருகிறது. இறைச்சி பழுப்பாகி மணம் வீசுவதற்குக் காரணம் மேயார் வினை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மேயார் 1912இல் விவரித்த, அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து நடத்தும் மாற்றம். 140 டிகிரிக்கு மேல் இது மளமளவென்று நடக்கும். ஆனால் ஈரம் இருக்கும் வரை பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. எனவே பழுப்பாக்கும் வேலை என்பது முதலில் ஈரத்தை விரட்டும் வேலை.

அதற்கு எவ்வளவு சூடு கையிருப்பில் இருக்கிறது? 2.4 கிலோ இரும்பு 100 டிகிரி குளிர்ந்தால் விடும் வெப்பம் 2,400 × 0.45 × 100, அதாவது சுமார் 108 கிலோஜூல். குளிர்ந்த நீர் ஒரு கிராமைச் சூடாக்கி ஆவியாக்க 2.6 கிலோஜூல் வேண்டும். ஆக, அடுப்பின் உதவியே இல்லாமல் சட்டியின் சேமிப்பு மட்டுமே 40 கிராம் நீரை விரட்டும். 800 கிராம் எடையுள்ள அலுமினியச் சட்டியில் இந்தச் சேமிப்பு 72 கிலோஜூல். 28 கிராம் நீருக்குத்தான் வரும். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது அல்ல. ஆனால் சுர்ரென்று சுடுவதற்கும், நீர் விட்டுச் சாம்பல் நிறமாக வேகுவதற்கும் இடையிலான கோடு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. துண்டுகளை நெருக்கமாகப் போட்டால் இரும்புச் சட்டியின் சேமிப்பும் தீர்ந்துவிடும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருவது.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். வெளிப்புறத்தை வேகமாகச் சுட்டால் உள்ளே சாறு அடைபடும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் லீபிக் பரப்பிய கருத்து. அடைபடுவதில்லை. சட்டியில் தொடர்ந்து கேட்கும் சுர்ர் சத்தமே, சாறு வெளியேறி ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி. சுடுவது சுவைக்காக.

260 டிகிரி என்ற எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. டெஃப்லான் வகைப் பூச்சுள்ள சட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வரம்பும் அதுவேதான். அதற்கு மேல் போகப்போகப் பூச்சு சிதைந்து நச்சுப் புகை விடத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெருந்தீயில் விட்டால் சில நிமிடங்களில் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். பிரவுனின் செய்முறை, ஒட்டாப் பூச்சுச் சட்டி முடியும் இடத்தில் தொடங்குகிறது.

இருபது ஆண்டு கழித்துத் தலைகீழாக்கினார்

2018இல் பழைய பகுதிகளைத் திருத்தி மறுபடி வெளியிட்டபோது, இந்த முதல் செய்முறையையே பிரவுன் மாற்றினார். புது வரிசையில் இறைச்சி முதலில் குறைந்த சூட்டிலுள்ள அவனில் மெதுவாக வேகும். காய்ந்த வார்ப்பிரும்பு கடைசியில்தான் வரும். இதைத் தலைகீழ்ச் சுடல் என்கிறார்கள்.

இது ஏன் மேல் என்பதற்கும் மேலே பார்த்த ஈரக் கணக்கே விடை. மெதுவான அவன் இறைச்சியின் பரப்பை உலர்த்திவிடுகிறது. சட்டியில் போடும்போது விரட்ட ஈரம் அதிகம் இல்லை. சேமித்த சூடு முழுவதும் பழுப்பாக்கப் போகிறது. வேலை சில விநாடிகளில் முடிவதால், மேலே கருகி, கீழே சாம்பல் பட்டை, நடுவில் மட்டும் சிவப்பு என்ற அடுக்கும் குறைகிறது. அதே சட்டி, அதே கறி. மாறியது வரிசை மட்டும். தன் புகழ்பெற்ற செய்முறையைத் தானே திருத்தும் தொலைக்காட்சிச் சமையல்காரர் அரிது. அணுகுமுறை என்று ஒன்று உண்மையில் இருந்தால் அது இப்படித்தான் வெளிப்படும்.

பழக்குதல்: அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது

புது இரும்பை எண்ணெய் தடவிச் சுட்டுச் சுட்டுக் கறுப்பாக்குவதைத்தான் பழக்குதல் என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சீசனிங் என்ற சொல் மசாலா சேர்ப்பதையும் குறிப்பதால், அங்கே புதியவர்கள் உப்பு மிளகைத் தேடுவதுண்டு.

நடப்பது இதுதான். எண்ணெயில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள், சூட்டிலும் காற்றின் ஆக்ஸிஜனிலும் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிய வலையாகின்றன. எண்ணெய் என்ற திரவம், பாலிமர் என்ற திடப் படலமாக மாறுகிறது. பழைய எண்ணெய்ப் புட்டியின் வாயிலோ, அவன் தட்டின் ஓரத்திலோ தேய்த்தாலும் போகாத மஞ்சள் பிசின் ஒட்டியிருக்குமே, அதே வேதியியல். இரும்பில் அது மேலும் சுடப்பட்டுக் கார்பனாகக் கறுத்து, உலோகத்தின் நுண்பள்ளங்களில் வேர்பிடிக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் முரண்பட்ட அறிவுரைகள் வரிசையாகத் தீரும்.

1. எந்த எண்ணெய்? நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள எண்ணெய் விரைவில் இறுகும். ஆளி விதை எண்ணெய் இதில் முதலிடம். ஓவியர்கள் தைலவண்ணத்துக்கு அதைப் பயன்படுத்துவதும் இதனால்தான். கண்ணாடிபோல் கடினமான படலம் வரும். ஆனால் மிகக் கடினமான படலம், இரும்பு சூட்டில் விரிந்து சுருங்கும்போது கூடவே நெகிழாமல் செதிலாக உரியலாம். இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. லாட்ஜ் 2002 முதல் தொழிற்சாலையிலேயே பழக்கி விற்கும் சட்டிகளில் சோயா எண்ணெய்தான் பூசுகிறார்கள். வீட்டில் எந்தத் தாவர எண்ணெயும் போதும். எண்ணெயின் பெயரைவிட அது எவ்வளவு மெல்லியதாகப் பூசப்படுகிறது என்பது முக்கியம்.

2. எவ்வளவு? பூசியதே தெரியாத அளவு. பூசிவிட்டு, தவறாகப் பூசிவிட்டோம், எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டும் என்ற நினைப்போடு துணியால் துடைக்கவேண்டும். அப்படியும் மிஞ்சும் படலம்தான் தேவை. தடித்துப் பூசினால் மேலே மட்டும் இறுகி அடியில் பிசுபிசுக்கும். சட்டியைக் கவிழ்த்து வைத்துச் சுடச் சொல்வதும், தேங்கும் எண்ணெய் வடியத்தான்.

3. எத்தனை டிகிரி? பழைய குறிப்புகள் 350 ஃபாரன்ஹீட் என்கின்றன. இப்போதைய குறிப்புகள் 450 முதல் 500 வரை. இரண்டிலும் படலம் உருவாகும். அதிகச் சூட்டில் விரைவாகவும் முழுமையாகவும் உருவாகும், அவ்வளவே. ஒரு மணி நேரம், பிறகு அவனுக்குள்ளேயே ஆறவிடுதல்.

4. சோப்பு? முன்பு சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சியிருக்கும். அது இந்தப் படலத்தைக் கரைக்கும். 'சோப்பு படக்கூடாது' என்ற அறிவுரை அந்தக் காலத்துக்குச் சரி. இன்றைய பாத்திரம் கழுவும் திரவம் தளர்ந்த எண்ணெயைத்தான் தூக்கும். பாலிமராக இறுகியதைத் தொடாது. லாட்ஜ் நிறுவனமே சிறிது சோப்புப் போடலாம் என்கிறது. பிரவுன் நிகழ்ச்சியில் காட்டியது, சூடான சட்டியில் கொஞ்சம் கொழுப்பும் கல்லுப்பும் போட்டுக் காகிதத்தால் தேய்ப்பது. உப்பு உராயும், கொழுப்பு அழுக்கைத் தூக்கும். இரண்டு வழியும் சரிதான்.

5. உண்மையான எதிரி? தண்ணீர். ஊறப்போடுவதும், ஈரத்தோடு அடுக்கிவைப்பதும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவதும். கழுவியபின் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, துளி எண்ணெய் தடவினால் துரு வராது. வந்துவிட்டாலும் சட்டி பாழாகவில்லை. கம்பி நாரால் சுரண்டி முதலிலிருந்து பழக்கலாம்.

ஒட்டாது என்றால் எவ்வளவு ஒட்டாது

இங்கே எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. டெஃப்லானில் கார்பனைச் சுற்றி ஃபுளோரின் கவசம் கட்டி நிற்பதால் எதுவும் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது. எண்ணெயே இல்லாமல் முட்டை நழுவும். பழக்கிய இரும்பில் அத்தகைய கவசம் இல்லை. அது முட்டையின் புரதத்துக்கும் வெற்று இரும்புக்கும் நடுவே ஒரு சுவர் மட்டுமே. மேலே கொஞ்சம் கொழுப்பும், சரியான சூடும் இருந்தால்தான் நழுவும். பூச்சுச் சட்டிக்கு நேரடி மாற்று என்று இதை விற்பது மிகை.

பீஃபாஸ் விவகாரத்திலும் ஒரு தெளிவு வேண்டும். டெஃப்லான் தயாரிப்பில் துணைப்பொருளாக இருந்த பீஃபோவா என்ற சேர்மம் வேறு, பூச்சு வேறு. பீஃபோவாவை 2015க்குள் கைவிட, 8 பெரிய நிறுவனங்கள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் திட்டத்தில் 2006இல் இணைந்து அப்படியே செய்தன. இன்று கடையிலுள்ள 'பீஃபோவா இல்லாதது' என்ற முத்திரை அதைத்தான் சொல்கிறது. பூச்சு பீஃபாஸ் குடும்பத்தைச் சேர்ந்ததா என்பதைச் சொல்லவில்லை. மின்னசோட்டா சட்டம் பூச்சையும் சேர்த்தே தடுக்கிறது.

பழைய சட்டிகள் வழவழப்பானவை, புதியவை சொரசொரப்பானவை என்ற புலம்பலில் உண்மை உண்டு. பென்சில்வேனியாவின் ஈரியில் கிரிஸ்வோல்ட், ஒஹாயோவின் சிட்னியில் வாக்னர் ஆகியோர் வார்த்தபின் உட்பரப்பை இழைத்தார்கள். இப்போது மலிவான சட்டிகளில் மணல் அச்சின் சொரசொரப்பு அப்படியே நிற்கிறது. ஆனால் சில மாதச் சமையலில் பள்ளங்கள் நிரம்பிவிடும். அதற்காகச் சேகரிப்பாளர் விலை கொடுப்பது சமையல் தேவை அல்ல, ரசனை.

புளிப்பும் உடம்பும்

தக்காளி, வைன், எலுமிச்சை போன்ற புளிப்புகள் இரண்டு வேலை செய்யும்: பழக்கிய படலத்தை அரிக்கும், அடியிலுள்ள இரும்பைக் கரைத்துக் குழம்பில் சேர்க்கும். டெக்சாஸில் நடந்து 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பலவகை உணவுகளை இரும்புச் சட்டியில் சமைத்து அளந்தது. ஈரமும் புளிப்பும் உள்ளவை, நெடுநேரம் வேகுபவை, அதிக இரும்பை ஏற்றன. 100 கிராம் ஸ்பகெட்டி சாஸில் 0.6 மில்லிகிராமாக இருந்தது 5 மில்லிகிராமுக்கு மேல் போனது. புதுச் சட்டியில் அதிகம், நன்கு பழகியதில் குறைவு.

இரும்புச்சத்துக் குறைவானவர்களுக்கு இது சிறிய லாபம். மருந்துக்கு மாற்று அல்ல. உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் ஹீமோகுரோமடோசிஸ் உள்ளவர்களுக்கு இது கவனிக்கவேண்டிய விஷயம். மற்றவர்களுக்குச் சுவைதான் பிரச்சினை; மணிக்கணக்கில் கொதித்த தக்காளிச் சாஸில் உலோகச் சுவை நாக்கில் தட்டும். அத்தகைய சமையலுக்கு எனாமல் பூசிய வார்ப்பிரும்பு உண்டு. 1925இல் பிரான்சின் ஃப்ரெஸ்னோய்-லெ-கிராண்டில் தொடங்கிய லெ குரூசே இதில் பெயர்பெற்றது. எனாமல் என்பது உருக்கி ஒட்டிய கண்ணாடி. பழக்கவேண்டாம், துரு இல்லை, புளிப்பும் பாதிக்காது. ஆனால் வெறும் சட்டியைப் பெருந்தீயில் காயவைத்தால் கண்ணாடி வெடிப்பு விடும். ஆகவே பிரவுனின் இறைச்சிச் செய்முறைக்கு அது ஆகாது.

எந்த அடுப்பில், எப்படி

இண்டக்ஷன் அடுப்பில் வார்ப்பிரும்பு நன்றாகவே வேலை செய்யும். காந்தம் ஒட்டும் உலோகம் என்பதால் சூடு சட்டிக்குள்ளேயே பிறக்கிறது. ஆனால் கம்பிச்சுருளின் அகலத்துக்கு மட்டும் பிறக்கிறது. எடுத்ததும் முழு வேகத்தில் வைத்தால் நடு வேகமாக விரிய, ஓரம் குளிர்ந்து நிற்க, இழுவிசையில் சட்டி விரிசல் விடக்கூடும். குறைந்த நிலையில் 5 நிமிடம், பிறகு ஏற்றுவது பாதுகாப்பு. கண்ணாடிப் பரப்பில் சட்டியை இழுக்காமல் தூக்கி வைக்கவேண்டும்.

சுடச்சுட இருக்கும் சட்டியில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் அதே விரிசலுக்கு வழி. அவனின் தானே சுத்தமாகும் வசதியை ஓடவிட்டுப் பழைய படலத்தை எரிக்கச் சிலர் சொல்வார்கள். 450 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அந்தச் சூட்டில் படலம் சாம்பலாகிவிடும் என்பது உண்மைதான். சட்டி கோணிக்கொள்வதும் உண்டு, அவன் கெட்டுப்போவதும் உண்டு. காஸ்டிக் சோடா கலந்த அவன் சுத்திகரிப்பானைப் பூசி, பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரிரு நாள் வைத்தால் அதே வேலை சூடே இல்லாமல் முடியும். கையுறை மட்டும் கட்டாயம். பாட்டி காலத்துச் சோப்பு செய்யக்கூடாததைச் செய்த அதே காரம், இங்கே நாம் கேட்டுச் செய்கிறது.

மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும், சூட்டைச் சட்டென்று ஏற்றி இறக்கவேண்டிய மென்மையான சாஸ்களுக்கும் இந்தச் சட்டி ஏற்றதல்ல. அடுப்பை அணைத்தபின்னும் அது நெடுநேரம் சமைத்துக்கொண்டே இருக்கும். சாஸை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிட்டால் திரிந்துபோகும்.